குழலின் அளவும் கொல்லையின் அளவும்

(திண்டுக்கல்லில் விவசாயப் பெருமக்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று மாலை நான் இந்த மண்டபத்தின் வாசற்படியில் கால் வைத்தபோது, வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் ஓர் இளைஞர், மூன்று ஏக்கரில் கடலையும் மக்காச்சோளமும் போட்டிருப்பவர், என்னைச் சற்று ஒதுக்குப்புறமாக அழைத்துப்போய், “ஐயா, முந்நூறு கெஜத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிற பன்னியை ஒரே குண்டுல சாய்க்கணும்னா எந்தக் காலிபர் நல்லது?” என்று கேட்டார். அயல்நாட்டார் பரந்த புல்வெளியில் குப்புறப் படுத்துக்கொண்டு, தொலைநோக்கி பூட்டிய துப்பாக்கியால் கண்ணுக்கெட்டாத தூரத்தில் நிற்கும் பிராணியை வீழ்த்தும் காட்சிகளை அவர் கைப்பேசியில் பார்த்திருக்கிறார். அந்தச் சாமர்த்தியத்தில் பாதியாவது நம் ஊருக்கு வந்தால் பயிர் தப்பிக்குமே என்ற ஏக்கம் அவர் குரலில் இருந்தது. இக்கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்கள் எனக்குக் கொடுத்த தலைப்பு இதைவிட விரிந்தது. ஆயினும் அதை ஒருபுறம் வைத்துவிட்டு, அந்தத் தம்பியின் கேள்விக்கு இந்தச் சபையிலேயே விடை சொல்வதென்று தீர்மானித்துவிட்டேன். இயற்பியல் கற்பித்து ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான்; பயிர்க்காவல் துப்பாக்கி இருந்த வீட்டில் பிறந்தவன்; ஆகவே இரண்டு வழியிலும் அந்தக் கேள்வி எனக்கு உறவுடையது.

அது வீண் கேள்வியும் அன்று. காட்டுப்பன்றி இறங்கிய கடலைக் கொல்லையைப் பார்த்தவர்களுக்கு அதன் நியாயம் விளங்கும். மாடு மேய்ந்தால் தழை போகும், வேர் நிற்கும்; பன்றியோ மூக்கை மண்ணுக்குள் செலுத்திப் பாத்தி பாத்தியாகப் புரட்டிக்கொண்டே போவதால், காய் பிடித்த செடி தலைகீழாகக் கிடக்க, தின்றதைப் போல் மும்மடங்கு மண்ணோடு மண்ணாகிவிடுகிறது. மக்காச்சோளத்தில் நுழைந்தால் தட்டையைச் சாய்த்து, ஒரு கதிரைக் கடித்துப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறது. சிறுமலை அடிவாரத்திலும் கரந்தமலைப் பக்கத்திலும் மட்டுமே ஒரு காலத்தில் கேட்டுவந்த இந்த முறையீடு, குடகனாற்றுப் படுகையிலும் தூர்ந்துபோன கண்மாய்களிலும் சீமைக்கருவேலம் புதராய் மண்டிய பிற்பாடு, குஜிலியம்பாறைச் சமவெளியிலும் கேட்கிறது. பகலெல்லாம் முள்ளுக்குள் படுத்திருக்கும் கூட்டத்துக்கு மலை எதற்கு?

இந்த முறையீட்டைக் கேட்டுத்தான், 2025ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் நம் மாநில அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரையில் பன்றியைச் சுடலாகாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரையில் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிப்பவற்றை வனத்துறையினர் சுடலாம் என்பது அதன் சாரம். விவசாயி தானே சுடலாம் என்று அது சொல்லவில்லை என்பதை நாம் மறக்கலாகாது. எனினும், வனத்துறைக் காவலர் ஒருவர் துப்பாக்கியோடு நம் கொல்லைக்குள் இரவில் வந்து நிற்கப்போகிறார் என்னும்போது, அவர் கையில் இருக்கும் குழலின் அளவு அவர் துறையின் விஷயம் மட்டுமா? அந்தக் குண்டு நம் பாத்தியைக் கடந்து, நம் அண்டை வீட்டாரின் களத்து மேட்டை நோக்கியல்லவா போகப்போகிறது? ஆகையால் இந்த சாஸ்திரத்தை நாமும் சிறிது தெரிந்துகொள்வது அவசியம் என்பது என் அபிப்பிராயம்.

காலிபர் என்பது குழலின் உள்துளையின் விட்டம், அவ்வளவுதான். .22 என்றால் ஓர் அங்குலத்தில் நூறில் இருபத்திரண்டு பங்கு; .315 என்றால் ஆயிரத்தில் முந்நூற்றுப் பதினைந்து பங்கு. ரவைத் துப்பாக்கிக்கு மட்டும் பழைய காலத்துக் கணக்கொன்று இன்றும் வழங்கிவருகிறது. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஓர் உருண்டை நுழையும் துளை 12 போர். இருபது உருண்டைகளாக வார்த்தால் 20 போர். எண் பெருகப் பெருகத் துளை சிறுக்கும். ரவைத் துப்பாக்கியின் குழல் உள்ளே வழுவழுப்பானது. ரைபிளின் குழலுக்குள்ளோ திருகாணியின் மரையைப் போலச் சுற்றுப்பள்ளங்கள் இருக்கும். அந்த மரை குண்டைப் பம்பரமாய்ச் சுழற்றி அனுப்புவதால்தான் அது தலை கவிழாமல் நெடுந்தூரம் நேராகப் போகிறது.

இங்கே ஒரு விசித்திரத்தைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. நம் நாட்டில் வழங்கும் துளை அளவுகள் வேட்டைக்காரரின் தேவையால் மட்டும் பிறந்தவை அல்ல. அரசாங்கத்தின் அச்சத்தாலும் பிறந்தவை. இதோ நமக்கு எதிரே நிற்கும் மலைக்கோட்டையில் 1755இல் ஃபௌஜ்தாராக வந்து அமர்ந்த ஹைதர் அலி, பிரெஞ்சுப் பொறியாளர்களின் துணையோடு இங்கே ஆயுதசாலை ஒன்றை அமைத்தார். பீரங்கி வித்தையில் மைசூர் பெற்ற தேர்ச்சிக்கு இந்த ஊரும் ஒரு பள்ளிக்கூடம். அதே பிரதேசத்தில் விருப்பாச்சி கோபால நாயக்கரும் அவர் தோழர்களும் எழுந்து போரிட்டு வீழ்ந்த பின்பு, 1801 டிசம்பரில் கம்பெனியார் பாளையக்காரர்களின் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லிப் பிரகடனம் செய்தனர். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அந்தப் பிரகடனத்தை நாடு முழுமைக்கும் விரித்தது. பின்னர் 1907ஐ ஒட்டி, ராணுவத் துப்பாக்கியின் குண்டு கலகக்காரர் கைக்குப் போய்விடுமோ என்ற பயத்தால் .450 துளையை இந்தியாவில் வெள்ளைக்கார வேட்டைக்காரருக்கும்கூட ஆங்கில அரசாங்கம் மறுக்கவே, லண்டன் துப்பாக்கிக் கம்மியர்கள் அதற்கு மாற்றாக .465 என்றும் .470 என்றும் புதுத் துளைகளைப் படைத்தார்கள். ராணுவம் கையாண்ட .303 இன்றுவரை பொதுமக்களுக்கு விலக்கப்பட்ட துளைதான். வங்காளத்து இஷாப்பூர்த் தொழிற்சாலை பொதுமக்களுக்கென்று .315 துளையில் ரைபிள் செய்துவருவதன் காரணமும் இதுவே; அது உருவத்தில் .303க்கு உடன்பிறப்பு, ஆனால் ராணுவத் தோட்டா அதில் நுழையாது. நம் வனக்காவலர்கள் கையில் 12 போரோடு நாம் பெரும்பாலும் காண்பது அந்த .315தான்.

இனி, தம்பி கைப்பேசியில் கண்ட அமெரிக்கத் துப்பாக்கிக்கு வருவோம். அந்நாட்டுப் பண்ணையாளர்கள் பயிரையும் மேய்ச்சல் நிலத்தையும் கெடுக்கும் சிறு பிராணிகளை ‘வார்மிண்ட்’ என்று அழைக்கிறார்கள். பெரும்பாலும் அவை நம் முயலளவோ அதைவிடச் சற்றுப் பெரியவையோ ஆன, வளை தோண்டி வாழும் ஜந்துக்கள். அருகே போனால் வளைக்குள் மறைந்துவிடும். ஆகவே தொலைவிலிருந்து சுட வேண்டும். உருவமோ சிறியது, ஆகவே குண்டு குறி தவறாமல், வில்லாக வளையாமல், ஏறக்குறைய நூல் பிடித்தாற்போலப் போக வேண்டும். இந்தத் தேவைக்காக 1935இல் அவர்கள் வெளியிட்ட .220 ஸ்விஃப்ட் என்னும் தோட்டாவின் குண்டு நொடிக்கு 4,000 அடிக்கு மேற்பட்ட வேகத்தில் குழலைவிட்டுக் கிளம்பியது. பின்னால் வந்து மிகுந்த புகழ்பெற்ற .22-250இன் வேகம் நொடிக்கு 3,600 அடிக்கு மேல்.

வேகத்தால் என்ன லாபம் என்பதை நம் அளவையிலேயே கணக்கிட்டுப் பார்ப்போம். கையிலிருந்து நழுவும் எந்தப் பொருளும் முதல் நொடியில் பதினாறு அடி விழும்; குழலிலிருந்து கிடையாகக் கிளம்பிய குண்டும் அந்த விதிக்கு உட்பட்டதே. நொடிக்குச் சராசரியாக 1,800 அடி ஓடும் கனத்த .315 குண்டு, இருநூறு கெஜம், அதாவது அறுநூறு அடி கடக்க நொடியில் மூன்றில் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறது. அதற்குள் அது ஒரு முழமும் நாலு விரற்கடையும் கீழே இறங்கிவிடும். .22-250இன் குண்டு அதே தூரத்தைக் கடப்பதற்குள் ஒரு சாண்கூட இறங்குவதில்லை. தூரத்தைச் சரியாக மதிப்பிடத் தெரியாதவனுக்கும் குறி தவறாமல் போவதற்கு இதுவே காரணம். எடையைப் பாருங்கள்: .22-250இன் குண்டு அரைப் பவுன் நகையைவிடக் குறைந்தது; .315இன் குண்டு ஏறக்குறைய இரண்டு பவுன். வேகத்தில் எது மேல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஆடி மாதத்தில் ஒட்டன்சத்திரம் பக்கம் மேற்காற்று அடித்து வீசும்போது, அந்த இலேசான குண்டு முந்நூறு கெஜம் போவதற்குள் ஒரு சாணுக்கு மேலாகவே பக்கவாட்டில் ஒதுங்கிவிடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

அந்தக் குண்டுக்கு இன்னொரு குணம் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் அதைப் பழிப்பது நேர்மையாகாது. மெல்லிய செம்பு உறைக்குள் மென்மையான ஈயம் வைத்து, எதன்மேல் பட்டாலும் உடனே சிதறிப்போகும்படி அதைச் செய்கிறார்கள். கல்தரையில் பட்டாலும் அது தூள்தூளாய்ப் போய்விடும். எகிறிப் பாய்வது அபூர்வம். மெதுவாய்ப் போகும் கனத்த ஈயக் குண்டுதான் தரையில் தட்டி, குளத்தில் எறிந்த சில்லைப் போலத் துள்ளித் துள்ளிப் போகும். அண்டை அயலுக்கு ஆபத்து விளைவிக்காமல் இருக்க வேண்டுமென்பது மட்டுமே நம் கவலையானால், அந்தச் சிறு துளை ரைபிளை நானே சிபாரிசு செய்துவிடுவேன்.

ஆனால் நம் வார்மிண்ட் முயலளவு ஜந்து அன்று. வளர்ந்த ஆண்பன்றி நூறு கிலோ எடையை எட்டக்கூடியது. அதன் முன்சப்பையின்மேல், சண்டையில் எதிரியின் கோரைப்பல்லைத் தாங்குவதற்கென்றே, தடித்த குருத்தெலும்பு போன்ற ஒரு கேடயம் வளர்ந்திருக்கிறது. அதன்மேல் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும். சிதறுவதற்கென்றே செய்யப்பட்ட அரைப்பவுன் குண்டு அந்தக் கேடயத்திலேயே சிதறிவிடக்கூடும், உயிர்நிலையைத் தொடாது. பன்றி அலறிக்கொண்டு ஓடிச் சீமைக்கருவேலம் புதருக்குள் விழுந்து, இரண்டு நாளோ மூன்று நாளோ புழுத்துச் சாகும். அல்லது சாகாமல், மறுநாள் விறகு பொறுக்கப் போகும் பெண்பிள்ளையின்மேல் பாயும். ஒரு ஜீவனைக் கொல்ல நேர்ந்துவிட்டால் உடனே கொல்வது கொல்பவனின் கடமை என்பதில் எனக்கு இரண்டாவது கருத்துக் கிடையாது. அந்தக் கடமை கனத்த குண்டைக் கேட்கிறது.

நம் நிலமோ கனத்த குண்டை மறுக்கிறது. உயர்த்திச் சுட்டால் சில கிலோமீட்டர் தூரம் போய் விழக்கூடியது அந்த ரைபிள் குண்டு. அமெரிக்கப் புல்வெளியில் மூன்று கிலோமீட்டருக்குள் ஒரு வீடு இருந்தால் அதிகம். நம் மாவட்டத்திலோ 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 21,60,000 பேர், ஒரு சதுர கிலோமீட்டருக்கு முந்நூற்றைம்பது பேருக்கு மேல் வசிக்கிறார்கள். கொடைக்கானலையும் சிறுமலையையும் கழித்துவிட்டால் சமவெளியில் நெருக்கம் இன்னும் கூடும். கிணற்றுக்குக் கிணறு ஒரு மோட்டார் அறை, வரப்புக்கு வரப்பு ஒரு கொட்டகை, கொட்டகைக்குள் கயிற்றுக் கட்டிலில் ஒருவர். காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் விலகிய இடத்தில் சுடலாம் என்று அரசாணை சொல்லும் இடங்கள் யாவை? மக்கள் மிக நெருங்கி வாழும் இடங்கள்தாம் அவை.

இந்த மேசைமேல் ஒரு சிறு பொருளை வைத்திருக்கிறேன். முன்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியும். பார்வைக்கு நசுங்கிய புளியங்கொட்டை போல இருக்கிறது. இது ஈயக் குண்டு. 1971ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் என் தந்தையார் சுட்ட குண்டு.

எங்கள் ஊர் சாணார்பட்டிக்கு அப்பால், சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது. தந்தையாரிடம் பயிர்க்காவலுக்கென்று உரிமம் பெற்ற, வாய்வழியாக மருந்து இடிக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. அதைக் கெட்டிப்பது ஒரு சடங்கைப் போல நடக்கும். மூங்கில் குப்பியிலிருந்து கரிமருந்தை அளந்து குழலுக்குள் கொட்டுவார்; தேங்காய் நாரை உருட்டி உள்ளே தள்ளி, கம்பியால் நிதானமாக இடிப்பார்; அதன்மேல் ரவை, அதன்மேல் மறுபடியும் நார். கடைசியில்தான் ‘கேப்’ என்னும் வெடிமூடியை வைப்பார். அதுவரையில் எங்களை அருகே வரவிடமாட்டார். வழக்கமாக அவர் போடுவது சிறு ரவை. வெடிச்சத்தத்துக்கே கூட்டம் கலைந்துவிடும். அந்த வருஷம் ஒற்றை ஆண்பன்றி ஒன்று சத்தத்துக்கு அஞ்சாமல் பழகிப்போய், மரவள்ளியை இரவுக்கு இரவு தோண்டிக்கொண்டிருந்தபடியால், ஒரு நாள் ரவைக்குப் பதில் ஒற்றைக் குண்டைப் போட்டு இடித்தார். வழக்கமாகப் பரண்மேல் உட்கார்ந்து காவல் காப்பவர், பரணின் ஒரு காலைக் கரையான் அரித்துவிட்டதால், அன்றிரவு வரப்பிலேயே உட்கார்ந்தார். நடு இரவுக்குச் சற்று முன்னால் பன்றி வந்தது, சுட்டார், பன்றி போய்விட்டது.

விடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு இரத்தத் தடம் தேடினார். ஒரு சொட்டும் இல்லை. பன்றி நின்ற இடத்துக்கு அப்பால் தலைகாட்டிக்கொண்டிருந்த பாறைமேல் விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளிக் கீறல் இருந்தது. அதைக் கண்டதும் அவர் முகம் மாறிவிட்டது. கீறலின் திசையில், எண்ணிக்கொண்டே நடந்தார். நூற்று நாற்பதாவது அடியில் பக்கத்துத் தோட்டத்து மோட்டார் அறை. அதன் பனங்கட்டைக் கதவில் இந்தக் குண்டு பாதி புதைந்து நின்றது. தந்தையார் ஒன்றும் பேசாமல் என் தோளைப் பிடித்து அந்தக் கதவின்மேல் சாய்த்து நிறுத்திப் பார்த்தார். குண்டு என் நெஞ்சுக்குழி உயரத்தில் இருந்தது.

அங்கிருந்து நேராகத் தோட்டக்காரர் வீட்டுக்குப் போனார். “அண்ணே, என் குண்டு உங்க கதவுல கிடக்கு. வந்து பாருங்க” என்றார். அவர் வந்து பார்த்தார். கதவைத் தடவிக்கொண்டே, “நேத்துப் பத்து மணிக்கே மோட்டாரை நிறுத்திட்டேன் தம்பி. கரண்டு இருந்திருந்தா இங்கதான் படுத்திருப்பேன்” என்றார். அதற்கு மேல் இருவரும் பேசவில்லை. தந்தையார் பேனாக்கத்தியால் குண்டைத் தோண்டி எடுத்து வெற்றிலைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டார். அவர் காலமாகும்வரை அது பாக்குவெட்டியோடு அந்தப் பெட்டியில்தான் கிடந்தது. பரணுக்குப் புதுக் கால் நட்ட பிறகுதான் அவர் மறுபடியும் துப்பாக்கியைத் தொட்டார்.

அந்தப் பரண் காலுக்கும் இந்தக் குண்டுக்கும் உள்ள சம்பந்தம் எனக்கு விளங்கப் பத்து வருஷங்கள் ஆயின. கல்லூரியில் தேசிய மாணவர் படையில் சேர்ந்து, .22 ரைபிளோடு மணல் மூட்டைக்குப் பின்னால் படுத்தபோது, இருபத்தைந்து கெஜத் தூரத்தில் நட்டிருந்த காகிதக் குறிக்குப் பின்னால் ஓராள் உயரத்துக்கு மேல் குவித்திருந்த மண்மேட்டைப் பார்த்தேன். இந்தச் சபையிலும் அப்படிப் படுத்துச் சுட்டவர்கள் சிலர் இருப்பீர்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் தோட்டா அது. ஆயினும் தடையின்றிப் போனால் ஒரு மைலுக்கு மேல் போகும். ஆகவே மண்மேடு இல்லாமல் ஒரு தோட்டாவும் கொடுக்கமாட்டார்கள். பரண் என்பது அந்த மண்மேட்டுக்குப் பதில். மேலேயிருந்து கீழ்நோக்கிச் சுடும்போது, பன்றி நிற்கும் தரையே குண்டை வாங்கிக்கொள்ளும் மேடாகிவிடுகிறது. பன்னிரண்டடி உயரப் பரணிலிருந்து முப்பதடி தூரத்தில் சுடும் குண்டு நன்கு சாய்ந்து உழவு மண்ணில் இறங்கும். அதே பரணிலிருந்து முந்நூறு கெஜத்தில் சுடும் குண்டுக்குத் தரை ஏறக்குறையப் படுக்கையாகிவிடும். அது எகிறிப் பாயும். துளையின் அளவு அதேதான், பரணின் உயரமும் அதேதான். தூரம் ஒன்றுதான் மாறிற்று.

பழநி மலைக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு, வள்ளி பரண்மேல் நின்று தினைப்புனம் காத்த கதையைச் சொல்லித் தரவேண்டியதில்லை. கவணும் தட்டையும் வைத்துக்கொண்டு காத்தவர்களுக்கு எதிரியைத் தூரத்திலேயே காண்பதற்கு உயரம் வேண்டியிருந்தது. துப்பாக்கி வந்த பிறகு அதே உயரம் வேறொரு வேலைக்கும் உதவிற்று என்பதுதான் புதுமை.

நம் ஆயுதச் சட்டத்தை வகுத்தவர்களும் இதை உணர்ந்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதின்மூன்றாம் பிரிவு, உண்மையான பயிர்க்காவலுக்கென்று குறிப்பிடுவது வாய்வழி மருந்திடிக்கும் துப்பாக்கியை; அது போதாது என்று உரிமம் வழங்குபவருக்குத் தோன்றினால் மரையில்லாத வேறு குழலைத் தரலாம் என்கிறது. ரைபிளைப் பயிர்க்காவலோடு அது சேர்க்கவில்லை. 12 போரில் ‘எல்.ஜி.’ என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெருங்குண்டுத் தோட்டாவைப் போட்டுச் சுட்டால், முப்பது நாற்பது கெஜத்துக்குள் அது பன்றியை நின்ற இடத்திலேயே சாய்க்கும். தவறிய குண்டுகள் வெகுதூரம் போனாலும் அறுநூறு கெஜத்தை ஒட்டிச் சோர்ந்து விழுந்துவிடும். ரைபிள் குண்டின் வீச்சோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது. சேலம், தருமபுரிக் காடுகளில் ஆட்கொல்லிச் சிறுத்தைகளையும் புலிகளையும் சுட்டுப் பேர் பெற்ற கென்னத் ஆண்டர்சன் கையாண்டது .405 வின்செஸ்டர், கனத்த குண்டு, நடுத்தர வேகம், கிட்டத்திலிருந்து சுடுவதற்கே ஏற்றது. நம் காட்டின் புதர் யாருக்கும் நெடுந்தூரத்தைக் கொடுப்பதில்லை.

கொல்லையும் கொடுப்பதில்லை. பன்றி வருவது இரவில். டார்ச் வெளிச்சத்தில் முப்பது கெஜத்துக்கு அப்பால் தெரிவதெல்லாம் இரண்டு கண்களின் ஒளி மட்டுமே; அவை பன்றியின் கண்களா, கட்டவிழ்ந்த கன்றின் கண்களா என்று சொல்ல முடியாது. எதைச் சுடுகிறோம் என்று தெரியாத தூரத்தில், எவ்வளவு நேராகப் போகும் குண்டு இருந்து என்ன பயன்?

ஆகவே, வேடசந்தூர்த் தம்பிக்கு என் விடை இதுதான்: முந்நூறு கெஜத்துக்கு ஏற்ற காலிபர் நம் சமவெளிக்குக் கிடையாது. பன்றியின் உடம்பு கேட்பதை நம் நிலம் தாங்காது. நம் நிலம் தாங்குவதைப் பன்றியின் உடம்பு சட்டை செய்யாது. முதலில் தூரத்தைத் தேர்ந்தெடுங்கள்; அதை முப்பது கெஜமாகக் குறுக்குங்கள்; அதற்குப் பிறகு 12 போர் போதும். .315தான் கொண்டுவருகிறார்கள் என்றால், பரணிலிருந்து கீழ்நோக்கியல்லாமல் அதைச் சுடவிடாதீர்கள். அப்படிச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே பன்றியைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தைக் கொடுத்து, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களை அவர்கள் அழைக்கும் ஏற்பாடு இருக்கிறது. அந்த ஏற்பாடு இங்கே வந்தாலும், வராவிட்டாலும், குண்டின் விதி ஒன்றுதான்.

எலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஏனெனில் அமெரிக்கர் வார்மிண்ட் என்று சொல்லும் அளவுக்கு நெருங்கி வரும் பகை நமக்கு அதுதான். அதற்குத் துப்பாக்கியே வேண்டாம். மூங்கிலை வில்லாக வளைத்துக் கட்டும் தஞ்சாவூர்க் கிட்டிக்குத் தூரம் என்பதே இல்லை. வரப்பில் ஆந்தை உட்கார நாலு குச்சி நட்டால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். மயிலைப் பற்றியும் கேட்பீர்கள். அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை. அதன்மேல் எந்தக் குழலையும் திருப்பலாகாது. நஷ்டஈட்டைக் கேட்டுப் பெறுவது ஒன்றே வழி.

துப்பாக்கியைவிடக் கொடியவை இரண்டு நம் வயல்களில் இரவுதோறும் காத்திருக்கின்றன என்பதையும் இந்த இடத்தில் மனம் நொந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்று, மின்கம்பத்திலிருந்து நேரே இழுத்து வேலியில் கட்டும் கம்பி. 2023 மார்ச் மாதம் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அப்படிப்பட்ட ஒரு கம்பியில் மூன்று யானைகள் மாண்டன. அவற்றின் குட்டிகள் இரண்டு தாய்களின் உடல்களைச் சுற்றிச் சுற்றி வந்த காட்சியை நீங்கள் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். மற்றொன்று, தீனிக்குள் மறைத்து வைக்கும் அவுட்டுக்காய் என்னும் வெடி. அதைக் கடிப்பது பன்றிதான் என்று யார் உறுதி சொல்வது? மேயும் மாடும் கடிக்கும். குழந்தையும் கையில் எடுக்கும். இவை இரண்டுக்கும் கண் கிடையாது. துப்பாக்கிக்காவது அதைப் பிடித்திருப்பவனின் கண் உண்டு. அந்தக் கண்ணுக்கு வேலை கொடுக்கும் தூரத்துக்குள் அதை வைத்துக்கொள்வதே நம் பொறுப்பு.

அனுமதி கிடைத்து, வனக்காவலர் உங்கள் கொல்லைக்கு வரும் நாளில், அவரைச் சூரியன் சாய்வதற்கு முன்னாலேயே வரச் சொல்லுங்கள். வரப்போடு வரப்பாக நடத்திக் கூட்டிப்போய், பரணை எங்கே கட்டினால் பாறையில்லாத உழவு மண் எதிரே வரும் என்று காட்டுங்கள். பரணிலிருந்து முப்பது கெஜத்தில் நான்கு கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்து நட்டுவையுங்கள். அந்தக் கற்களுக்கு அப்பால் நிற்பது எதுவானாலும் சுடுவதில்லை என்று அவரோடு பேசிக்கொள்ளுங்கள். எந்தக் கொட்டகையில் யார் படுப்பார்கள், எந்தப் பாதையில் பால்காரர் விடியுமுன் வருவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. மும்முனை மின்சாரம் இந்த வாரம் இரவு எத்தனை மணிக்கு வருகிறது, வந்ததும் எந்தெந்தத் தோட்டத்திலிருந்து யார் யார் மோட்டார் போட எழுந்து நடப்பார்கள் என்பதும் தெரியாது. அதை அவருக்குச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தாம்.